தனியாக வந்த அழைப்பு

பழைய சோற்றில் கருவாட்டைப் பிய்த்துப் போடுகிறார் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. அறுபத்தெட்டாம் வருஷத்துச் சுதந்திர தினம். எங்கள் தெருப்பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற பண்ணைக் காரியஸ்தர் இன்று வாசலில் நின்று தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பில் வாய் வைத்தே குடிக்கிறார். சொம்பின் விளிம்பில் வெயில் மின்னுகிறது. அவர் கண் மட்டும் மூலையில் சாத்தியிருக்கும் சங்கத்துச் செங்கொடியை விட்டு நகரவில்லை. “களத்துல தேசியக்கொடி ஏத்துறோம். நீதான் கயிறு இழுக்கணும்னு ஐயா சொல்றாரு. சங்கத்து ஆளுங்க வேணாம், நீ மட்டும் வா.” “சுதந்திரம் எல்லாருக்கும்தானே, எதுக்குத் தனியா?” என்கிறேன் நான். “ஒரு கயித்த ஊரே சேந்தா இழுக்கும்?” என்று சிரித்தபடி கை கழுவுகிறார் வீட்டுக்காரர். இருவரும் வரப்பில் இறங்குகிறார்கள். எப்போதும் முன்னால் போகிற காரியஸ்தர் இன்று அவரை முன்னே விட்டுப் பின்னால் நடக்கிறார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் உடலை வாய்க்காலிலிருந்து தூக்கினோம். பண்ணை நிலம் பிறகு பங்காகி எங்களுக்கும் வந்தது. அந்த வாய்க்காலுக்கு இன்றும் பண்ணை வாய்க்கால் என்றுதான் பேர்.