கிழவன் வேடம்

"மேடையை விட்டு இறங்குங்கப்பா. நாளைக்கு நீங்க நடிக்கல."

பெர்மெத் கையிலிருந்த வசன நோட்டைப் பட்டென்று மூடினாள். கோச்கோர் ஊர்க் கலாச்சார மன்றத்தில் ஒத்திகைக்கு வந்திருந்த பதினோரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தம்பி, தம்பி மனைவி, சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய குழந்தைகள் என்று எல்லாரும் ஒரே குடும்பம்.

மேடை நடுவில் அவள் அப்பா இஷென், ஆட்டிடையன் கிழவன் வேடத்தில், கடைசிக் காட்சியின் அந்தப் பேர்போன மௌனத்தில் நின்றுகொண்டிருந்தார். போருக்குப் போன மகன் இனி வரமாட்டான் என்று தெரிந்ததும் அவர் பேச்சற்று நிற்கிற அந்த நிலையைப் பார்த்து அழாதவர்கள் அந்த ஊரில் இல்லை. இன்று அது வழக்கத்தைவிட நீண்டுவிட்டிருந்தது.

"யாரப் பார்த்து இறங்குன்னு சொல்ற?"

"உங்களத்தான். உங்க குரல் மூணாவது வரிசையத் தாண்டல. எமில் நடிக்கட்டும்."

தம்பி எமில் பதறினான். "அக்கா, எனக்கு வேண்டாம். நாளைக்கு நாடகத்த வச்சுக்கிட்டு இன்னிக்குப் போய்..."

"நீ வாயை மூடு."

இஷென் மேடை விளிம்புவரை வந்தார். குரல் நாலாவது வரிசையையும் தாண்டித்தான் ஒலித்தது.

"இருபத்தாறு வயசுல, தலையில மாவைக் கொட்டிக்கிட்டு இந்தக் கிழவனா நின்னேன். அப்ப குழுவுக்குப் பேர்கூடக் கிடையாது. நானு, உங்கம்மா, என் தம்பி, மூணே பேரு. உன்னை எட்டு மாசம் வயித்துல வச்சுக்கிட்டு இதே பலகையில ஆடினவ உங்கம்மா. நாடு உடைஞ்சு, கரண்டும் நின்னுபோன வருஷம் டிராக்டர் விளக்க ஜன்னல் வழியா அடிச்சு நாடகம் போட்டோம். டிக்கெட்டுக்குப் பதிலா ஜனங்க உருளைக்கிழங்கு கொண்டாந்தாங்க. அதத் தின்னு வளர்ந்தவடி நீ!"

"இதையே இன்னும் எத்தன வருஷம் சொல்லப் போறீங்க? ஜனங்க மரியாதைக்குத்தான் கை தட்டுறாங்க. வெளிய போய்ச் சிரிக்கிறாங்க."

சித்தப்பா மகள் ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இஷென் ஒட்டுத்தாடியைப் பிய்த்தெடுத்து மகளின் காலடியில் எறிந்தார்.

"உங்கம்மா இதக் கேக்காமப் போய்ச் சேர்ந்தா. அந்த மட்டுக்கும் புண்ணியவதி. நீ என் மகளே இல்ல."

அவர் வெளியேறிய கதவு திறந்தே கிடந்தது. பனிக்காற்று உள்ளே வந்தது. அதைச் சாத்தக்கூட யாரும் நகரவில்லை.

"அம்பத்தோரு வருஷம்க்கா," என்றான் எமில். அவன் கண் கலங்கியிருந்தது. "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? சின்னப் பசங்க முன்னாடி அவர இப்படி நாறடிச்சிட்டியே! குழு உன் கைக்கு வரணும்னு அவ்வளவு அவசரமா?"

பெர்மெத் குனிந்து தாடியை எடுத்துத் தூசி தட்டினாள். அவனிடம் நீட்டினாள்.

"கடைசிக் காட்சிய மறுபடி எடுக்கிறோம். உன் இடத்துக்குப் போ."

அன்று மாலை அவள் வீடு திரும்புவதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. சந்தையில் ரொட்டிக்காரி ரொட்டியை அவள் கையில் தராமல் பலகைமேல் வைத்தாள். "பெத்த அப்பனையே துரத்துறவளுக்கு ரொட்டி ஒரு கேடா?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பெர்மெத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இஷென் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன தேநீர் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

"சித்தப்பா வீட்டுக்கா?"

"அவன் என்னைத் துரத்த மாட்டான்."

சட்டைகளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

பெர்மெத் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு கண் சிமிட்டல், உதட்டோரம் ஒரு சிரிப்பு. வழியெல்லாம் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை.

கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். இஷென் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திரும்பி, உதடு அசைய மெல்லப் படித்தார்.

'மகளே, தலைநகரத்து டாக்டர் சொன்னதை எமிலிடம்கூடச் சொல்லாதே. வசனம் வராமல் நான் மேடையில் விழிக்கும் முதல் நாளே, எல்லார் முன்னாலும் சண்டை போட்டு என்னை வெளியே அனுப்பிவிடு. இஷெனுக்கு ஞாபகம் போய்விட்டது, பாவம் என்று ஊர் சொல்லக் கூடாது. மகள் விரட்டிவிட்டாள் என்று பேசிவிட்டுப் போகட்டும். இதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.'

இரண்டு தடவை படித்தார். பழைய மடிப்பிலேயே பத்திரமாக மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாவம்மா அந்தப் பொண்ணு," என்றார் இஷென். "யாரு எழுதினது இது?"