வீட்டுக்காரன் உட்காரக் கூடாத நாள்

காலையிலிருந்து ரதோமிர் உட்காரவே இல்லை.

குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. அந்தப் புனிதரான அதிதூதர் மிக்கேலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். அவனுடைய அப்பாவும் சாகிற வரைக்கும் அப்படித்தான் நின்றார்.

ஆனால் பரிமாறுவதற்கு யாராவது வர வேண்டாமா?

கதவருகே, சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை இருந்தது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கரண்டியைப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் கிளாசில் போடுவார்கள். போன வருஷம் அந்தக் கிளாசில் கரண்டி கொள்ளவில்லை. இப்போது வெளியே இருட்டிவிட்டது. கிளாசில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள். அழைக்காததால், ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேட்கவும் முடியாது.

ஏஜென்ட் வேலை கேட்டுப் போன முதல் நாளே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மேனேஜரம்மா கேட்டது இந்த ஸ்லாவாவைப் பற்றித்தான்.

"உங்க வீட்டு ஸ்லாவாவுக்கு எத்தனை பேர் வருவாங்க சார்?"

நாற்பது பேராவது வருவார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"அப்புறம் என்ன சார், அலையவே வேண்டாம்! உங்க ஆளுங்களே வீடு தேடி வந்து உக்காரப் போறாங்க. பேசிப் பாருங்க. மறுநாள் வந்து சேர்றதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சம்பளம் கிடையாது. பாலிசி பிடித்தால் கமிஷன், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆனால் ரயில்பெட்டி ஆலையை இழுத்து மூடிய பிறகு, இந்தச் செர்பிய ஊரில் ஐம்பதைத் தாண்டியவனை யார் சீந்துகிறார்கள்? மனைவி யாகொதா அடுத்தவர் வீடுகளைத் துடைத்துவிட்டு வருவதால்தான் அடுப்பு எரிகிறது. இன்று நாலு பேர் சரி என்றால், நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

அந்த முடிவுதான் அவனை அரித்தது. கொஞ்ச நாளாக யாரைப் பார்த்தாலும் அவர்களுடைய வயசும் வியாதியும்தான் கண்ணில் பட்டன. வுகாஷினை நினைத்தபோதுகூட, 'நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவன், இவனை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று மனசு தானாகவே அவனை ஒதுக்கியது. வுகாஷின் அவனுடைய கும். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன், மகனுக்கு ஞானத்தகப்பன், கூடப்பிறந்தவனுக்கும் மேல். அப்போது தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது ரதோமிருக்கு.

எல்லாரும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர் ஓடி ஒளிந்துகொண்டது. இனி யாரிடம் போய் விற்பது? விற்காமல் எப்படிப் பிழைப்பது?

யாகொதா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. வழக்கமாகப் பெரிய பானை நிறைய சார்மா வேகும். கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சியின் மணம் மாடிப்படி முழுக்க அடிக்கும். இன்று அடுப்பில் சின்னப் பானைதான். கையில் காசில்லை, அவள்தான் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

அழைப்பு மணி அடித்தது.

வுகாஷின் நின்றிருந்தான். படியேறியதில் மூச்சு வாங்கியது. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி கோதுமை சாப்பிட்டான். கரண்டி கிளாசில் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கேட்கக் கூடாததை ரதோமிர் கேட்டுவிட்டான். "மத்தவங்க எல்லாம் எங்க, குமே?"

வுகாஷின் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவளைத் திட்டாதடா. எல்லாருக்கும் போன் பண்ணி, இந்த வருஷம் எங்க வீட்ல ஸ்லாவா இல்ல, வராதீங்கன்னு சொல்லிட்டா. இன்னைக்கு நீ அவங்ககிட்ட பாலிசி வித்தா, அப்புறம் ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்கன்னு என்கிட்ட ஒரே அழுகை. என்னையும்தான் வராதேன்னா. சாட்சி நின்னவனைத் தடுக்க இவ யாரு?"

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது.

வுகாஷின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "சரி, எடு உன் காகிதத்தை. எங்க கையெழுத்துப் போடணும்? முதல் போணி நானா இருந்துட்டுப் போறேன்."

ரதோமிர் அவனுடைய நெஞ்சையே பார்த்தான். அது இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

உன்னை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். நீ ரொம்ப நாள் இருக்க மாட்டாய் என்று கணக்குப் போட்டாகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த வேலையில் சேர்ந்தால் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அதுவும் இவனிடம்.

"காகிதமெல்லாம் ஒண்ணும் இல்ல, குமே. நான் அந்த வேலைல சேரப் போறதில்ல."

பிழைப்புக்கு மிச்சமிருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே அடைத்தாகிவிட்டது.

யாகொதா தட்டுகளோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. தனக்கொன்று, கணவனுக்கொன்று, வுகாஷினுக்கொன்று என்று வைத்தாள். பிறகு போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீயும் உக்காரு," என்றாள் ரதோமிரிடம்.

அவனுடைய அப்பா ஒருநாளும் உட்காராத நாளில் அவன் உட்கார்ந்தான்.

பானையில் இருந்தது சரியாக மூன்று பேருக்குத்தான். வராதே என்றாலும் வுகாஷின் வருவான் என்று தெரிந்து, காலையிலேயே அளவு பார்த்து வைத்திருந்தாள். ஸ்லாவா சாப்பாடு எப்போதும் மிஞ்சி ஒரு வாரத்துக்கு வரும். இந்தத் தடவை நாளைக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.