புது மாத்திரை

"இனிமே என்னைத் தொடாதேக்கா. உன் மேல அடிக்கிற வாடையே எனக்குக் குமட்டுது."

பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே தங்கை சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை வாரிவிடலாம் என்று சீப்போடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

வாடை அடிக்கத்தான் செய்யும். பதினாறு வருடமாகத் தைலக் கம்பெனியில் புட்டி நிரப்புகிறவள் அக்கா. எந்த சோப்புக்கும் அசையாத வாடை அது. அக்கா பஸ்ஸில் ஏறினால் அத்தனை பேருக்கும் மூக்கடைப்பு விட்டுப்போகும் என்று இதே தங்கைதான் வாய்விட்டுச் சிரிப்பாள். ஒன்றரை மாதமாக அந்தச் சிரிப்பைக் காணோம்.

ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் அவள் புது டாக்டரிடம் போனாள். அக்காவுக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே போய்விட்டு வந்தாள். வலிப்புக்கென்று பழைய மாத்திரையைப் பத்து வருடம் விழுங்கியதில் ஈறு வீங்கியது, கை நடுங்கியது, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்தது. வலிப்பு மட்டும் போன பாடில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் எப்படிப் பிழைப்பை ஓட்டுவது? புது டாக்டரம்மா வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று வந்து சொன்னாள்.

அந்த மாத்திரையை என்ன சொல்ல? அன்றிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. ஆனால் தங்கைக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவின் பக்கத்தில் படுப்பதில்லை. தலைவலி என்று சுருண்டாலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

அக்காவுக்குப் பொறுக்கமுடியாமல் போனது அந்தத் தாழ்ப்பாள்தான். தலைவலி வந்தால் பின்னாலேயே வலிப்பு வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் 'தலை வலிக்குது' என்று காதில் விழுந்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். நெற்றி, நெற்றிப்பொட்டு, பிடரி எல்லாம் தைலம் தேய்ப்பாள். கடையில் விற்கிற சரக்கா அது? கடைச் சரக்கில் முக்கால்வாசி மெழுகு. தங்கைக்கென்றால் அசல்தான் வேண்டும் என்று மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வருவாள். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நுரையைத் துடைத்து, அவள் கண் திறக்கும்வரை தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம், இவளை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"எங்கே போய்த் தங்கப்போறே?"

"அச்சகத்துக்குப் பக்கத்துல விடுதி இருக்கு."

"திடீர்னு வந்துட்டா அங்கே யாரு பார்த்துக்குவா?"

"வராது." பெட்டியை அழுத்தி மூடினாள் தங்கை. "என்னைச் சாக்கு வெச்சே நீ காலத்தை ஓட்டிட்டே. இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பாரு."

கையிலிருந்த சீப்பை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டாள். பேசுவது இவள் இல்லை, மாத்திரை பேசுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கம்பெனியில் மூடி போடுகிறவளின் கொழுந்தன் இப்படித்தான் ஒரு வலிப்பு மாத்திரையைத் தின்றுவிட்டு, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தானாம்.

தங்கை பெட்டியோடு படியிறங்கிப் போனாள். தெருமுனையில் ஒரு நிமிடம் தயங்கினாற்போல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். தான் யார் என்று சொன்னாள். ஒன்றரை மாதமாக வீட்டில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். தங்கை நல்ல பெண், அவள் வாயிலிருந்து இப்படியெல்லாம் வரவே வராது என்று நாலு தடவை சொல்லிவிட்டாள்.

"அந்தப் புது மாத்திரைதாம்மா அவளை இப்படி ஆக்கிடுச்சு. வேற ஏதாவது மாத்திக் கொடுங்க. வலிப்பு திரும்பி வந்தாக்கூடப் பரவாயில்லை, நான் பார்த்துக்குவேன். அவ இல்லாம என்னால இருக்க முடியலைம்மா."

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"புது மாத்திரையா? நான் எதுவுமே எழுதலையே. பழசையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திக்கிட்டு வரேன். அவங்களுக்கு வலிப்பு நோயே இல்லைங்க. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இதெல்லாம் உடம்புல அளவுக்கு மீறி ஏறினா அதுவே வலிப்பை இழுத்துட்டு வந்துடும். தலைவலிக்குன்னு கலப்பில்லாத தைலத்தை வருஷக்கணக்காத் தேய்ச்சிருக்காங்க. அந்த வாடை அடிக்கிற பக்கமே போகாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். உங்ககிட்ட சொல்லலையா?"

மேசை மேலிருந்த கைகளை அக்கா மெல்ல இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"யாரு தேய்ச்சுவிடறாங்கன்னு நானும் ரெண்டு தடவை கேட்டேன்," என்றார் டாக்டரம்மா. "'எங்க அக்கா வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவா, நான்தான் அவளுக்குத் தெரியாம எடுத்துத் தேய்ச்சுக்கிட்டேன்'னு சொன்னாங்க."