லோவெலின் கை

"லோவெலுக்குக் கை போயிடுச்சுடா. இனிமே அவரு பைப் செய்யப் போறதில்ல."

அவனைப் போலவே பைப் சேர்க்கிற க்ளிண்ட் போனில் சொன்னதும் கர்ட்டிஸ் காரை ஓரமாக நிறுத்தினான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானே போய்ப் பார்த்தேன். காபிக் கப்பைப் பிடிக்க முடியல, அப்படி ஒரு நடுக்கம். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அடப் பாவமே!"

"பாவந்தான்." க்ளிண்ட் குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட அவரோடது எத்தனை இருக்கு?"

"நாலு."

"பத்திரமா வச்சுக்கோ. இப்பவே விலை மூணு மடங்கு. இன்னும் பத்து வருஷம் போனா அதை வித்து வீடே வாங்கலாம்."

யூஜீன் நகரத்தில் புகை இழுக்கிற கண்ணாடி பைப் செய்கிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. லோவெல் செய்வது தனி ரகம். ஆந்தை, ஆக்டோபஸ், சிறகு விரித்த கழுகு என்று ஒவ்வொன்றும் உயிரோடு இருப்பதுபோல இருக்கும். வாங்குகிற யாரும் அதில் கஞ்சா புகைப்பதில்லை. ஒரு இழுப்பு இழுத்தால்கூட மதிப்பு இறங்கிவிடும். விளக்குப் போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கர்ட்டிஸும் பூட்டித்தான் வைத்திருந்தான், மகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சூடாகக் கிளிஞ்சல் சூப் வாங்கிக்கொண்டு லோவெல் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்த அவர் மனைவி டோரீன் வழியை விடவில்லை.

"அவரைப் பார்க்க முடியாது கர்ட்டிஸ்."

"புரியுதுங்க. எங்களோட பைப் சேர்க்கிற மார்லாகூட வந்து பார்த்துட்டு அழுதுட்டே போனாங்களாமே? ஒரே நிமிஷம், பார்த்துட்டுப் போயிடறேன்."

"யாரு, மார்லாவா? அழுதாளா?"

அவள் முகம் போன போக்கு சரியில்லை. அதே நேரம் கார் ஷெட்டிலிருந்து 'புஸ்'ஸென்று கண்ணாடி உருக்குகிற பர்னர் சத்தம் கேட்டது. கர்ட்டிஸ் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

உள்ளே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு லோவெல் உட்கார்ந்திருந்தார். நீல ஜுவாலையில் ஒரு ஆந்தை சுழன்றுகொண்டிருந்தது. அதன் கண்ணுக்குள் கடுகளவு புள்ளி ஒன்றை வைத்தார். கை துளிகூட அசையவில்லை.

"கதவைச் சாத்துய்யா, காத்து அடிக்குது."

"உங்க கைக்கு ஒண்ணுமே இல்லியா?"

"ஏன், என்ன இருக்கணும்?"

கர்ட்டிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊரே உங்களுக்காக அழுதுட்டிருக்கு! விலை ஏத்தறதுக்கு இப்படி ஒரு நாடகமா? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து? வெக்கமா இல்ல?"

லோவெல் பர்னரை அணைத்தார்.

"செர்ரி பறிக்கிறப்ப ஏணியிலேர்ந்து விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. கொஞ்ச நாள் கட்டுப் போட்டிருந்தேன். சுளுக்கு போயிடுச்சு, ஊர்ப் பேச்சு போகல. விலை ஏறினது உங்க அலமாரியில இருக்கறதுக்குய்யா. எனக்கு என்ன லாபம்?"

மூலையைக் காட்டினார். பிரிக்காத அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"கடைக்காரங்க திருப்பி அனுப்பினது. லோவெலால செய்ய முடியாது, இது டூப்ளிகேட்டுங்கறான். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நடுங்கற கைக்கு இவ்வளவு அழகா எழுத வருமா, அதுவும் டூப்ளிகேட்டுங்கறான். வீடியோ எடுத்துப் போட்டேன். பழைய வீடியோவாம்."

பின்னாலேயே வந்து நின்ற டோரீன் சொன்னாள்: "வியாபாரம் படுத்து இந்த வீட்டையே விக்கப் போறோம். இப்ப யாரையும் உள்ள விடறதில்ல. வந்தவங்க அத்தனை பேரும் 'நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்'னுதான் சொன்னாங்க, வெளியே போய்ச் சொன்னது வேற."

"க்ளிண்ட்?"

"இதோ, இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து சாண்ட்விச் தின்னான்."

"மார்லா?"

"இவர் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, 'என்னமா பிடி!'ன்னா."

கர்ட்டிஸுக்குக் கூசிப்போனது. லோவெலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் அவங்க மாதிரி இல்ல. இன்னிக்கே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்றேன்."

லோவெல் கைகளை விடுவித்துக்கொண்டார். பர்னரைப் பற்ற வைத்தார்.

காரில் ஏறியதுமே க்ளிண்டைக் கூப்பிட்டான்.

"ஏன்டா பொய் சொன்னே? மனுஷன் நல்லா இருக்கார்!"

"போய்ப் பார்த்துட்டியா?" க்ளிண்ட் அசரவில்லை. "சரி, சொல்லிடு. நான் வேணாங்கல. நேத்து போர்ட்லண்ட்ல அவரோட பழைய ஆந்தை ஒண்ணு இருபதாயிரம் டாலருக்குப் போச்சு. உன்கிட்ட ஆந்தை ரெண்டு இருக்கில்ல?"

கர்ட்டிஸ் போனை வைத்தான். வீடு வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

அலமாரி முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. சியாட்டிலிலிருந்து யாரோ ஒருவர்.

"க்ளிண்ட் உங்க நம்பர் குடுத்தாரு. லோவெலோட பைப் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க இன்னிக்கு அவரை நேர்லயே பார்த்தீங்களாமே? கை எப்படிங்க இருக்கு?"

கர்ட்டிஸ் வாயைத் திறந்தான். விளக்கு வெளிச்சத்தில் ஆந்தைகள் இரண்டும் மின்னின.

"அதை ஏன் கேக்கறீங்க... சட்டை பட்டனைக்கூட அவரு சம்சாரம்தான் போட்டு விடறாங்க."