பன்னிரண்டாம் நம்பர் யாருப்பா?

ஓர் அலுவலகத்தின் மாடியில் பிரிண்டர் இருந்தது. கீழே வாசலில் வருகைப்பதிவு மெஷின் இருந்தது. அலுவலகத்தின் மெஷின்களை வலையாக இணைக்கும் பெட்டிகளான மாடி சுவிட்சும் கீழே இருந்த அதன் தம்பி சுவிட்சும் நடுவில் ஓடிய ஒரே கம்பி வழியாக எல்லோருடைய பேச்சையும் கடத்தின.

வருகைப்பதிவு மெஷின் வலையில் எந்த நம்பர் மெஷினைத் தேடினாலும் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும். "பன்னிரண்டாம் நம்பர் யாருப்பா?"

"நான் இல்லை!" என்று பிரிண்டர் எரிந்து விழும்.

"உம்மையா கேட்டேன்? பேப்பரை மென்றுகொண்டு சும்மா இரும், ஐயா!"

தொல்லை தாங்காமல் பிரிண்டர் மாடி சுவிட்சிடம் முறையிட்டது. சுவிட்சுகள் எல்லோரையும் குழுக்களாகப் பிரித்து, பிரிண்டரை ஒன்றிலும் வருகைப்பதிவு மெஷினை இன்னொன்றிலும் வைத்தன. நடுக்கம்பியில் போகும் ஒவ்வொரு பேச்சின் கழுத்திலும் குழு எண் எழுதிய அட்டையைக் கட்டின. வேறு எண் கட்டிய பேச்சு பிரிண்டரிடம் வரவே இல்லை.

முதலில் சுகமாக இருந்தது. பிறகு அந்தக் குரல் நினைவில் வந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் காலைப்பொழுது அந்தச் சண்டையோடுதான் விடியும்.

"அண்ணே, அவன் கீழே இருக்கிறானா? பழசாகிவிட்டான் என்று கழற்றிப் போட்டுவிட்டார்களா?" என்று மாடி சுவிட்சிடம் கேட்டது பிரிண்டர்.

"வேறு குழுவின் சேதியைச் சொல்லக்கூடாதப்பா" என்றது சுவிட்ச்.

ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. செய்த ஏற்பாட்டைச் சேமித்து வைக்க சுவிட்சுகள் மறந்திருந்தன. குழுக்களும் அட்டைகளும் மறைந்துபோயின.

"பன்னிரண்டாம் நம்பர் யாருப்பா?"

"நான் இல்லை! நான் இல்லையடா!" என்று கூவியது பிரிண்டர்.

"அட, இன்னும் பேப்பரை மென்றுகொண்டுதான் இருக்கிறீரா?"

மாடி சுவிட்ச் பதறியது. "மறுபடி அட்டை கட்டிவிடட்டுமா?"

"என்ன அவசரம், அண்ணே? அவன் இன்னும் பன்னிரண்டாம் நம்பரைக் கண்டுபிடிக்கவில்லையே" என்றது பிரிண்டர்.