பதினாறு மில்லிமீட்டர்

"விலையைப் பார்க்காதீங்கம்மா. உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுங்க" என்றார் அவர்.

பத்து வருஷமாக ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள் அவள். "காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். லென்ஸ் கடைக்கு வந்தால் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

அவர் ஒரு கம்பெனியின் விளம்பர அதிகாரி. இணையத்தில் அவள் போட்டிருந்த மலைப் படங்களைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருந்தார். அவள் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கை ஒரே ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் காட்டப் போகிறார்களாம். சம்பளத்தோடு லென்ஸும் அவளுக்கே.

கடைக்காரர் இரண்டு வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸ்களை மேஜையில் வைத்தார். இரண்டுமே பதினாறிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர்வரை போகும். ஒன்று அம்மிக்கல் கனம். இன்னொன்று மங்கின வெளிச்சத்தில் கொஞ்சம் திணறும், ஆனால் கைக்கு அடக்கம்.

"பகல்லதான் எடுக்கப்போறேன், ஸ்டாண்டும் இருக்கு. மலை ஏறுறதுக்கு இதுதான் சரி" என்று அவள் லேசானதை மாட்டி, வாசலைப் பார்த்துத் திருப்பினாள். ஒடுங்கின தெரு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். "பக்கத்துல இருக்கறது பூதமா நிக்கும். தூரத்துல இருக்கறது கடுகாப் போயிடும்."

"தெரியும்ண்ணே. அதுக்குத்தானே இது!"

அதிகாரி மெல்ல இருமினார். "அங்கே கொஞ்சம் வீடுங்க இருக்கே?"

"தரையோட தரையாப் படுத்து, ஒரு பாறையை முன்னால கொண்டுவந்தா, நாப்பது வீடும் அதுக்குப் பின்னால போயிடும் சார். தேடினாலும் கிடைக்காது."

"கம்ப்யூட்டர்ல எதையும் அழிச்சிடக் கூடாது."

"அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது" என்றாள், கொஞ்சம் ரோஷத்தோடு.

அவர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "அப்போ இதையே பில் போடுங்க."

மறுநாள் காலை அவள் மலைச்சரிவில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். ஸ்டாண்டைச் சுமந்து வந்த அண்ணன், கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தான்.

"நம்ம வீடு வருமா?"

"வந்தா படமே கெட்டுப்போயிடும்ண்ணே. தகரக் கூரையும், கொடியில உன் கிழிஞ்ச பனியனும்!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் நகரு. நம்ம மாட்டுக் கொட்டகை ஓரமா எட்டிப் பாக்குது."

நகர்ந்தாள். கொட்டகையும் மறைந்தது. பாறை, அதன்மேல் பாசி, அதற்கப்பால் புல்வெளி, மலை, வானம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

படத்தை வாங்கிக்கொண்டபோது அதிகாரி ஒரு தாளை நீட்டினார். எடுத்த இடம், எடுத்த தேதி, 'எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை' என்று ஒரு வரி. போட்டிகளுக்கெல்லாம் இப்படித்தான் கேட்பார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஃபோன் வந்தது. "வியாழக்கிழமை படத்தைக் காட்டறோம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் அவளை மட்டும்தான் கூப்பிட்டார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அம்மாவையும் அண்ணனையும் இஸ்திரி போட்ட துணியில் அழைத்துக்கொண்டு போனாள்.

விழா மண்டபம் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் ஒரு கூட்ட அறை. நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு பெரிய அதிகாரி. சுவரோர நாற்காலிகளில் இவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"மெடல் குடுப்பாங்களாடி?" என்று அம்மா காதைக் கடித்தாள்.

"சும்மா இரும்மா."

விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க அவளுடைய படம் விரிந்தது. பாசியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம இடமாடி இது? இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியலையே!"

விளக்கு எரிந்தது. விளம்பர அதிகாரி அவளுக்குக் கை காட்டினார். எழுந்து நின்றாள்.

"இது நீங்க எடுத்த படமாம்மா?" என்று கேட்டார் பெரிய அதிகாரி.

"ஆமா சார்."

"கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டின வேலை ஏதாவது?"

பத்து வருஷம் யாருமே அவளிடம் படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நிமிர்ந்து நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு புள்ளியைக்கூடத் தொடலை சார். அங்கே என்ன இருக்கோ, அதுதான் படத்துல இருக்கு."

அண்ணன் மட்டும் கை தட்டினான். வேறு யாரும் தட்டாததைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

பெரிய அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டு, அதைக் கம்பெனிக்காரர் பக்கம் தள்ளினார்.

"ஒரு குடிசைகூட இல்லையே, நாளைக்கே மலைக்கு வெடி வெச்சுக் கல்லு உடைக்க ஆரம்பிச்சிடுங்க."