சுரண்டிட்டுப் போடுங்க

தார் லாரி தெருமுனைக்கு வந்ததும், அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு சுந்தர்சிங் அண்ணாச்சி.

"பழைய ரோட்டைச் சுரண்டிட்டு புதுசு போடு. இல்லைன்னா லாரியை என் மேல ஏத்து."

பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தத் தெருவுல பால்காரர் விழுந்தாச்சு, நான் விழுந்தாச்சு, நிப்பாட்டி வச்சிருந்த என் ஸ்கூட்டர் தனியா ஒரு தடவை விழுந்தாச்சு. இன்னைக்குத்தான் விடிவு வந்திருக்கு. அதுலயும் இந்த மனுஷன் மண்ணள்ளிப் போடுதாரே!

காண்ட்ராக்டரோட சூப்பர்வைசர் லிங்கராஜ் கெஞ்சிப் பாத்தான்.

"சார், கலவை ஆறிருச்சுன்னா அம்புட்டும் வீணு. ரெண்டு அடுக்கும் சேத்து மொத்தமே ஆறு இஞ்சுதான். இதுல உங்களுக்கு என்ன சார் கெட்டுப்போச்சு?"

நியாயமான கேள்விதானே? மழைத் தண்ணிக்குப் பயந்து, ஜாக்கி வச்சு வீட்டையே நாலடி தூக்கினவரு அவரு. ஏழு படி ஏறித்தான் அவரு வாசலுக்குப் போகணும். ரோடு உசந்தா அவருக்கு ஒரு படி மிச்சம்.

"கமிஷன் எதிர்பாக்காரு போல," பக்கத்துல ஒருத்தர் முணுமுணுத்தாரு.

எனக்கும் அப்படித்தான் பட்டுது. துறைமுகத்துல ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து மனுஷனுக்குப் பொழுது போகல.

அந்நேரம் பாத்து அவரு பக்கத்து வீட்டு சுடலைமாடத்தியக்கா வெளிய வந்தா. போச்சு!

அக்கா மகளுக்குப் பத்து நாள்ல கல்யாணம். இந்த ரோட்டுக்காக மனு மேல மனு குடுத்து அலைஞ்சவளும் அவதான். அண்ணாச்சிக்கும் அவளுக்கும் ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அவரு வீட்டைத் தூக்கின அதிர்வுல அவ வீட்டுச் சுவர் விரிசல் விட்டுருச்சு. ஆள் விட்டுப் பூசித் தாரேன்னாரு; அவ கதவைச் சாத்திட்டா. கிறிஸ்துமஸுக்குக் குடுத்துவிட்ட கேக்கும் வாசலோட திரும்பி வந்துச்சு. கொண்டுபோனது நான்தான், திரும்பி வந்ததைத் தின்னதும் நான்தான்.

ரெண்டு பேருக்கும் நடுவுல ஆறடி இருக்கும். அங்கன என்னை நிப்பாட்டிட்டாங்க.

"செல்வதுரை, அந்த ஆளுகிட்ட சொல்லு. கல்யாணத்துக்கு வாரவங்க சகதியில சறுக்கி விழணும்னு பாக்காராமா? குண்டும் குழியுமா கெடக்கதாலதான் இங்கன தண்ணி நிக்கி. ரோடு வந்தா எல்லாம் வடிஞ்சிரும்னு சொல்லு."

"செல்வதுரை, சுரண்டாம ஒரு சட்டி தார் விழாதுன்னு சொல்லு."

"தன் வீட்டை மட்டும் தூக்கி வச்சிக்கிட்டு, தெரு நாசமாப் போட்டும்னு நெனைக்கான் பாரு, அவன் உருப்படுவானா? அதையும் சொல்லு!"

"அதை நான் வேற சொல்லணுமாக்கா? அவருக்கே கேட்டிருக்கும்."

அண்ணாச்சி அசையல. காது மட்டும் சிவந்திருந்துச்சு.

ஸ்கூட்டியில வந்து இறங்கினாங்க இன்ஜினியர் மேடம் ரம்யா. சின்ன வயசுதான். ஆனா யாரையும் கத்தவிடல.

"சார், உங்க வீடு எது?"

அண்ணாச்சி கையைக் காட்டினாரு. மேடம் ஏழு படியையும் அண்ணாந்து பாத்துட்டு அவரைப் பாத்தாங்க.

"இந்த வீட்டுக்கா சார் மறிக்கீங்க?"

"எல்லா வாசலையும் ஒரு தடவை அளந்துருங்க மேடம். பெறவு நீங்க எந்திரின்னா எந்திரிச்சிருதேன்."

டேப்போட ஒரு முனையை என் கையில குடுத்தாங்க. அக்கா தெருமுனையில லிங்கராஜைப் பிடிச்சு ஏசிக்கிட்டிருந்தா. நாங்க ஒவ்வொரு வாசலா அளந்துக்கிட்டே வந்தோம். பூராவும் புதுசாக் கட்டின வீடு. எல்லாம் ரெண்டடி, மூணடி உசரம். ஒரே ஒரு பழைய வீட்டுப் படிகிட்ட மட்டும் மேடம் நின்னுட்டாங்க. டேப்பைத் திரும்பவும் வச்சுப் பாத்தாங்க.

"இந்த வாசல் ரோட்டை விட நாலு இஞ்சுதான் உசரம். நாம போடப்போறது ஆறு. ஒரு மழை பெஞ்சாப் போதும், தெருத்தண்ணி மொத்தமும் இந்த வீட்டுக்குள்ளதான் போகும்."

அது மாடத்தியக்கா வீடு. தெனமும் அந்தப் படியைத் தாண்டித்தான் கடைக்குப் போறேன், ஒரு நாளாவது எனக்குத் தோணுச்சா? கமிஷன்னு நெனைச்சேனே, நான் ஒரு கூறுகெட்டவன்!

மேடம் லிங்கராஜைக் கூப்பிட்டாங்க.

"லாரியை அடுத்த தெருவுக்கு விடுங்க, அங்க சுரண்டியாச்சு. நாளைக்குக் காலையில இங்க சுரண்டுற மெஷின் வரணும். நாலு நாள்ல ரோடு முடியணும்."

லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. அக்காவுக்கு வந்துச்சே கோவம்! ஒரு பிடி மண்ணை வாரித் தூத்தினா.

"கல்யாண வீட்டைக் கெடுக்கானே, இவன் நல்லா இருப்பானா?"

மேடத்துக்கு மனசு கேக்கல. "அம்மா, கொஞ்சம் இங்க வாங்க. இவரு எதுக்கு மறிச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா..."

அதுவரைக்கும் லாரிக்கே அசையாத அண்ணாச்சி, பதறிப்போய் எந்திரிச்சு ஓடி வந்தாரு.

"மெதுவா மேடம், மெதுவா! அவ வீட்டுக்காகத்தான் நான் கேட்டேன்னு தெரிஞ்சா, சுரண்டவே கூடாதுன்னு நாளைக்கு அவ மெஷினை மறிச்சிருவா."